ஈ-டைப்பா, பகோடாவா? முதல் கிளாசிக் கார் வாங்கப் போகிறவருக்கு

"மாமா, ஈ-டைப் வாங்கட்டுமா, பகோடா வாங்கட்டுமா?" என்று போன மாதம் மருமகன் ஃபோனில் கேட்டான். ஒன்று ஜாகுவார், இன்னொன்று மெர்சிடஸ், இரண்டும் அறுபதுகளின் ஸ்போர்ட்ஸ் கார்கள். கையில் சேர்த்த காசு இருக்கிறது. வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டான். கராஜைக்கூட காலி செய்துவிட்டான். அவன் எதிர்பார்த்தது ஒரு வார்த்தைப் பதில். நான் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். நான் இருப்பது இங்கிலாந்தில், ஈ-டைப் பிறந்த கவென்ட்ரிக்குப் பக்கத்தில், இந்தப் பேச்சு இங்கே சீக்கிரம் முடியாது. அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு கார்களிலும் இன்ஜின் கெட்டால் என்ன செலவாகும் என்று நல்ல மெக்கானிக் ஒரு தொகை சொல்லிவிடுவார். தகரம் கெட்டிருந்தால் பிரித்துப் பார்க்கும் வரை யாராலும் சொல்ல முடியாது. அதனால் கீழே துருவைப் பற்றித்தான் அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எது எந்த வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜாகுவார் ஈ-டைப் வெளியானது 1961 மார்ச், ஜெனீவா கார் கண்காட்சியில். 9600 எச்பி என்ற நம்பர் பிளேட் கொண்ட கூபேயை, அதாவது கெட்டிக் கூரை வண்டியை, கவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு வண்டி பத்தவில்லை. கம்பெனியின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸுக்கு ஃபோன் போனது, அவர் 77 ஆர்டபிள்யூ என்ற திறந்த வண்டியை மறுபடியும் ராத்திரியில் விரட்டிக்கொண்டு வந்தார். விமானங்களின் காற்றோட்டக் கணக்கு தெரிந்த மால்கம் சேயர் வரைந்த உடல் அது. 1974 வரை 72,000-க்கும் மேல் செய்தார்கள்.

அதே ஜெனீவாவில், சரியாக இரண்டு வருடம் கழித்து, 1963 மார்ச்சில் மெர்சிடஸ் 230 எஸ்எல் வந்தது. கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையான ஹார்ட்டாப்பின் நடுப்பகுதி லேசாகக் குழிந்து, ஓரங்கள் உயர்ந்திருக்கும். சீன, ஜப்பானியக் கோயில் கூரை மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொன்னதில் பகோடா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அழகு வடிவம் பால் பிராக்குடையது, குழிந்த கூரையும் மோதினால் மடங்கும் முன்பகுதியும் பேலா பாரென்யியின் யோசனை. அறிமுக நாட்களில் அன்னெமாஸ் என்ற ஊரின் சிறிய ஓட்டப்பாதையில் மெர்சிடஸின் தலைமை இன்ஜினியர் உலன்ஹவுட் ஒரு சுற்றை 47.5 நொடியில் முடித்தார். அதே இடத்தில் மூன்று லிட்டர் ஃபெராரியில் பந்தய ஓட்டுநர் மைக் பார்க்ஸ் எடுத்த நேரம் 47.3. இதை மெத்தை போட்ட பெரியவர் வண்டி என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

இனி வகைகள். ஈ-டைப்பில் முதல் சீரிஸ்: 3.8 லிட்டர், 1964 அக்டோபரிலிருந்து 4.2. இரண்டுக்கும் கம்பெனி சொன்ன சக்தி 265 குதிரைத்திறன். ஆனால் 4.2-இல் கியர்பாக்ஸும் பிரேக்கும் சீட்டும் நிறையவே மேல். 3.8-இன் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது, ஓடும்போது போட்டால் அரைக்கும். 1966-இல் பின்சீட்டோடு நீளமான 2+2 வந்தது. 1967-இல் ஹெட்லைட்டை மூடிய கண்ணாடி போனது. 1968-இலிருந்து இரண்டாம் சீரிஸ், முன்னால் காற்று நுழையும் வாய் பெரியது, பின்விளக்குகள் பம்பருக்குக் கீழே. 1971-இலிருந்து மூன்றாம் சீரிஸ், 5.3 லிட்டர் வி12.

பகோடாவில் குழப்பமே இல்லை. 230, 250, 280 என்று மூன்று. 230-உம் 250-உம் 150 குதிரை, 280 மட்டும் 170. 230-இல் பின்னால் டிரம் பிரேக், மற்ற இரண்டிலும் நாலு சக்கரத்திலும் டிஸ்க். மொத்தம் 48,912 வண்டிகள். அதில் 250 வெறும் 5,196 தான்.

எது விலை அதிகம்? ஈ-டைப்பில் ஆரம்பகாலத் திறந்த வண்டிகள் உச்சியில். அதிலும் பானட் பூட்டு வெளியே இருக்கும் முதல் 500-க்குத் தனி மவுசு. பிறகு முதல் சீரிஸ் 4.2, அப்புறம் அதே சீரிஸின் கூபே. 2+2 எப்போதும் அடியில். பகோடாவில் பொதுவாக 280 மேலே. இசட்எஃப் கம்பெனியின் ஐந்து கியர் பெட்டி இருந்தால் எந்த வகையானாலும் விலை ஏறும். என்னைக் கேட்டால், முதல் தடவை வாங்குபவர் 4.2 கூபேயையோ 250-ஐயோ தேடலாம். சேகரிப்பாளர்களின் கண் வேறு வண்டிகள் மேல் இருப்பதால் அதே காசுக்கு நல்ல தகரம் கிடைக்கும்.

இரண்டாம் படி: உட்கார்ந்து பாருங்கள்

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் உயரமானவர் ஆரம்பகால ஈ-டைப்பில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீரிங்கில் இடிக்கும். 1962-இல் கால் வைக்கும் இடத்தைப் பள்ளமாக்கிய பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. இன்ஜின் சூடு காலடிக்கு வரும், கோடையில் நன்றாகவே வரும். முன்னால் நீண்டு கிடக்கும் அந்த மூக்கின் நுனி உங்களுக்குத் தெரியாது. பார்க்கிங்கில் யாராவது இறங்கிக் கை காட்டினால் நல்லது.

பகோடாவில் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்காரலாம். நாலு பக்கமும் கண்ணாடி, டிக்கியில் இரண்டு பெட்டி போகும், சில வண்டிகளில் பவர் ஸ்டீரிங் உண்டு. மனைவியோடு நானூறு கிலோமீட்டர் போய் ராத்திரி சாப்பாட்டுக்கு இறங்கும்போது முதுகு வலிக்காது. ஆனால் ஈ-டைப்பில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது வயிற்றுக்குள் ஒன்று எழும்புமே, அது இதில் வராது. பெரிய தூரம் சுகமாகப் போவதா, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரமா என்று உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருமகனிடம் இதைக் கேட்டபோது அவனுக்கு முன் அவன் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் படி: வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

ஈ-டைப்புக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. சேஸி, இன்ஜின், உடல், கியர்பாக்ஸ் என்று நாலு எண்கள், அசல் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்ஜின் எண் இரண்டு இடத்தில் குத்தியிருக்கும், ஒன்று இன்ஜினின் அடி உடலான பிளாக்கில், ஒன்று அதன் மேல் உட்காரும் ஹெட்டில். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சேஸி எண்ணே ஒரு கதை சொல்லும். 3.8-இல் 850-இல் தொடங்கினால் வலதுகை (ஸ்டீரிங் வலது பக்கம்) திறந்த வண்டி, 860 வலதுகைக் கூபே, 875 இடதுகைத் திறந்த வண்டி, 885 இடதுகைக் கூபே. கூபேயின் கூரையை வெட்டித் திறந்த வண்டியாக்கி விற்ற காலம் ஒன்று உண்டு. கூரையில்லாத வண்டி 885 என்று தொடங்கினால் விற்பவரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இடதுகை வலதுகையானது அவ்வளவு பெரிய குற்றமில்லை. ஏற்றுமதியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது, அதில் பல அங்கிருந்து திரும்பி வந்தவை. ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

பகோடாவுக்கு, தொழிற்சாலை விவரங்கள் அடங்கிய மெர்சிடஸின் டேட்டா கார்டு. சேஸி எண்ணின் முதல் ஆறு இலக்கம் வகை: 113.042 என்றால் 230, 043 என்றால் 250, 044 என்றால் 280. அடுத்த இரண்டு இலக்கத்தில் 10 இடதுகை மேனுவல், 12 இடதுகை ஆட்டோமேட்டிக், 20-உம் 22-உம் அதேபோல் வலதுகை. 280-இன் இன்ஜின் எண் 130.983 என்று தொடங்க வேண்டும். 130.980 என்று இருந்தால், அதே காலத்துச் செடான் ஒன்றிலிருந்து இறக்கிப் போட்ட இன்ஜின். ஓடும், நன்றாகவே ஓடும், ஆனால் அசல் என்று சொல்லி விற்கக் கூடாது.

பிரிட்டனில் வாங்குகிறீர்கள் என்றால் நம்பர் பிளேட்டை வைத்து எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு எம்ஓடி கட்டாயமில்லை. அதனால் பல வருடம் சோதனையே இல்லாமல் கிடந்த வண்டிகள் சந்தையில் உண்டு. விற்பவரை ஒரு புது எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால், எதற்குத் தயங்குகிறார் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

நான்காம் படி: காந்தமும் டார்ச்சும் பழைய பேண்டும்

பழைய பேண்ட் எதற்கென்றால், தரையில் படுக்க வேண்டும். படுக்காமல் இந்தக் கார்களை வாங்க முடியாது.

ஈ-டைப்பின் நடுப்பகுதி ஒரு தகரப் பெட்டி. அதன் முன்னால், மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன சட்டத்தைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் அந்தச் சட்டத்தில்தான் தொங்குகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் சாமி படச் சட்டம் மாதிரி நாலுசதுரமாக ஒன்று நிற்கும். இங்கத்து மெக்கானிக்குகள் அதற்குப் பெயரே பிக்சர் ஃபிரேம் என்று வைத்திருக்கிறார்கள். குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். பேட்டரிக்குக் கீழே ஓடும் குழாயை முதலில் பாருங்கள், ஆசிட் சொட்டிச் சொட்டி அங்கேதான் அரிக்கும். வெல்டிங் ஒட்டு எங்காவது தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் குழாயை ஒட்டக் கூடாது, சட்டத்தையே மாற்ற வேண்டும். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சேஸி எண்ணைக் குத்தியிருப்பது கழற்றி மாற்றக்கூடிய அந்தப் படச் சட்டத்தின் மேல். எழுத்துகள் புதுசாகவோ கோணலாகவோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம், ரசீதும் இருக்க வேண்டும்.

அப்புறம் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, சில் என்பார்கள். வண்டியின் முதுகெலும்பு அதுதான். சரியான தாங்கல் கொடுக்காமல் சில்லை மாற்றியிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், திறந்த வண்டியில் இன்னும் மோசம். எப்படிக் கண்டுபிடிப்பது? கதவு இடைவெளியை மேலேயும் கீழேயும் விரலால் அளந்து பாருங்கள். பிறகு விற்பவரின் அனுமதியோடு பின்பக்கம் ஜாக்கி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி மாறினால் கிளம்பிவிடலாம். நான் நண்பர் ஒருவரோடு பார்க்கப் போன ஒரு சிவப்பு வண்டியில் இடது கதவுக்கு மேலே ஒரு பவுண்ட் நாணயம் நுழைந்தது, கீழே என் சுண்டுவிரலே நுழைந்தது. விற்பவர் "கையால் செய்த வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். சில்லின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் புட்டியால் அடைபட்டிருந்தது.

பானட்டைத் திறந்து மூடும்போது சும்மா நிற்காதீர்கள். அந்த மூக்கு முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும், விலையும் பயங்கரம். மூடும்போது கதவுக்கு முன்னால் உள்ள விளிம்போடு சீராகச் சேர்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று பாருங்கள். முன்பக்கம் இடிபட்ட வண்டியை அந்த விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

பகோடாவுக்கு வருவோம். இங்கே ஒரு அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்பு ஒரு வெள்ளை 230-இன் கதவில் காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. பானட்டில் வைத்தேன், ஒட்டவில்லை. முழுக்கப் புட்டி என்று முடிவு கட்டித் திரும்பி வந்துவிட்டேன். பகோடாவின் கதவுத் தகடு, பானட், டிக்கி மூடி, மடிப்புக் கூரையை மூடும் பலகை எல்லாமே அலுமினியம் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரமே வேறு ஒருவர் அதை வாங்கிப் போய்விட்டார். காந்தத்தை ஃபெண்டரிலும் சில்லிலும் பின் சக்கர வளைவிலும் வையுங்கள். ஈ-டைப் முழுக்க எஃகு. ஆனால் அதிலும் சில இணைப்புகளில் தொழிற்சாலையே ஈயம் பூசியிருக்கும், அங்கே காந்தம் தளர்ந்தால் பயப்பட வேண்டாம்.

பகோடாவில் நான் முதலில் பார்க்கும் இடம் இது: பானட்டைத் திறந்து, ஃபெண்டரின் உள் விளிம்பு நெடுக டார்ச் அடியுங்கள். தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டிங் குழிகள் சின்னச் சின்ன வட்டமாக, அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகத் தெரிய வேண்டும். மழுமழு என்று இருந்தால் ஃபெண்டரை மாற்றியிருக்கிறார்கள், அல்லது மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். ஃபெண்டரை வெல்டிங் செய்துதான் பொருத்தியிருப்பார்கள், போல்ட் கிடையாது. பகோடா டிங்கரிங் ஈ-டைப்பை விட அதிகம் இழுப்பது இதனால்தான். பிறகு ஹெட்லைட் கூடுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், தரை விரிப்பைத் தூக்கினால் தெரியும் தளம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம்.

பானட், ஹார்ட்டாப், மடிப்புக் கூரைப் பலகை ஆகியவற்றில் உடல் எண்ணின் கடைசி இலக்கங்கள் குத்தியிருக்கும். மூன்றும் வண்டியோடு ஒத்துப்போனால் சந்தோஷம். கலிஃபோர்னியா கூபே என்று ஒரு வகை உண்டு, அதற்கு ஹார்ட்டாப் மட்டும்தான், மடிப்புக் கூரை தொழிற்சாலையிலேயே கிடையாது. கூரை தொலைந்த வண்டி என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் மழை ஊரில் அந்த வண்டியோடு ஹார்ட்டாப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியூர் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: இன்ஜின், குளிர்ந்திருக்கும்போது

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருக்கேன்" என்று விற்பவர் சொன்னால் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பானட் ஆறிய பிறகு போங்கள். இரண்டு காருக்கும் இது பொருந்தும், பகோடாவுக்கு மிக முக்கியம்.

பகோடாவில் கார்புரேட்டர் இல்லை. போஷ் செய்த மெக்கானிக்கல் பம்ப், ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாக பெட்ரோல் பீய்ச்சும். குளிரில் சட்டென்று பிடித்து, வேகமாகச் சுற்றி, சூடேற ஏறத் தானாக அடங்க வேண்டும். கறுப்புப் புகை நிற்காமல் வந்தால் பம்போ அதன் இணைப்புக் கம்பிகளோ சரியில்லை. பம்பைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு, கூலியும் அதற்கேற்ப. தெரியாதவர் கை வைத்த பம்ப், கை வைக்காத பம்பை விட மோசம்.

ஈ-டைப்பின் ஆறு சிலிண்டர் இன்ஜின் வஞ்சகமில்லாதது. மேலே வால்வுகளைத் தள்ளும் டப்பெட்டின் லேசான சத்தம் இருந்தால் கவலைப்படாதீர்கள், அமைதியாக இருந்தால்தான் வால்வு இடைவெளி இறுகிவிட்டதோ என்று யோசிக்க வேண்டும். கீழே முன்பக்கத்திலிருந்து சங்கிலி கடகடத்தால் வேலை பெரியது. பின்பக்க சீல் வழியாக ஆயில் சொட்டுவது குடும்ப வியாதி. சூடான பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஆயில் அழுத்தம் 40 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, ஆனால் மீட்டரே பொய் சொல்லும், தனி மீட்டர் மாட்டிப் பார்த்துவிடுங்கள். கிளட்ச் எப்போது மாற்றியது என்று கேட்க மறக்காதீர்கள். கிளட்ச் தட்டு சின்னப் பொருள்தான், ஆனால் அதை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே, பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அங்கே வேலை என்றால் பின் சஸ்பென்ஷன் முழுவதும் கூண்டோடு கீழே இறங்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது சூடு முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும், டிராஃபிக்கில் நிற்கும்போது 3.8 சீக்கிரம் கொதிக்கும். பகோடாவின் ஆட்டோமேட்டிக் கியர் மாறும்போது லேசாக உதைக்கும், அது அதன் சுபாவம். முன் சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங் பின்களுக்கு ஒழுங்காக கிரீஸ் அடித்திருக்கிறார்களா என்பது ஸ்டீரிங்கின் கனத்திலேயே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: இன்னொருவர் கண்

இவ்வளவும் பார்த்துவிட்டு, அந்த மாடலிலேயே ஊறிய ஒரு மெக்கானிக்குக் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம். ஈ-டைப்புக்குப் புதுப் பாகம் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும், தரம்தான் கடைக்குக் கடை மாறும். பகோடாவுக்கு மெர்சிடஸே இன்னும் நிறையப் பாகம் தருகிறது. பில்லைப் பார்க்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். வண்டிக்கு ஒதுக்கிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள் என்று நான் சொல்வது வழக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும். எத்தனால் குறைந்த சூப்பர் வகை ஈ5 போடுங்கள், குழாய்களைப் புதுசாக மாற்றிவிடுங்கள். இரண்டு இன்ஜினுக்கும் ஹெட் அலுமினியம், வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், சரியான கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பாலிசியாகப் பாருங்கள். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு இங்கே சாலை வரி இல்லை, லண்டன் புகை மண்டலக் கட்டணமும் இல்லை. ஜெர்மனியில் முப்பது வயதான, அசல் நிலையில் உள்ள வண்டிக்கு நம்பரின் கடைசியில் எச் எழுத்து வாங்கலாம். எங்கே வைத்திருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். நின்றே கிடக்கும் கார்தான் சீக்கிரம் கெடுகிறது.

மருமகன் நேற்று மறுபடி கூப்பிட்டான். ஒரு 250 பார்த்திருக்கிறானாம், ஸ்பாட் வெல்டிங் தழும்பு இரண்டு பக்கமும் இருக்கிறதாம், கதவில் காந்தம் ஒட்டவில்லையாம். "அது அலுமினியம் மாமா, பயப்படாதீங்க" என்று எனக்கே சொல்கிறான். ஹார்ட்டாப்பில் உள்ள எண் மட்டும் வேறாம். வாங்கலாமா என்று கேட்டான். அந்த எண்ணைக் காட்டி விலையைக் குறைத்துக் கேள், சனிக்கிழமை நானும் வருகிறேன், எனக்கு ஒரு பழைய பேண்ட் எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன்.